ஆளோலையும் பண்ணைக் கணக்கும்: தென்பாண்டி நாட்டில் அடிமைகளின் ஆவணங்கள்

ஒருவரை அடிமையாக விற்றதற்கும், ஒருவர் தம்மையே அடிமையாக எழுதிக்கொடுத்ததற்கும் சான்றாகப் பனையோலையில் எழுதப்பட்ட ஆவணம் ஆளோலை எனப்படும். அடிமை ஓலை, அடிமை முறி என்றும் அதைச் சொல்வதுண்டு. கோயில் கல்வெட்டுகளில் இவ்வகைப் பத்திரம் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்ற நீண்ட பெயரோடு வருகிறது. நிலத்துக்கு விலையோலை எப்படியோ, ஆளுக்கு ஆளோலை அப்படி. வாங்கியவர் வீட்டில் நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி, பெட்டியிலோ பரணிலோ வைத்துக் காக்கப்பட்டது. தமிழகத்து அடிமைகளைப் பற்றி அரசுப் பதிவுகள் பெரும்பாலும் சாதிப் பெயரும் தொகையுமாகவே பேசுகின்றன. தனி மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைப்பது இத்தகைய குடும்ப ஆவணங்களிலும் அவற்றுக்குப் பின் வந்த பண்ணைக் கணக்குகளிலும்தான்.

அமெரிக்காவிலும் இதே நிலை காணப்படுகிறது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும் குறிக்கப்பட்டன. அடிமைகளின் பெயர்களை அறியப் பண்ணை உரிமையாளர்களின் குறிப்பேடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாமஸ் ஜெபர்சன் 1774ஆம் ஆண்டு தொடங்கிய பண்ணைப் புத்தகத்தில் யார் யாருக்கு எவ்வளவு துணி, போர்வை, தானியம் தரப்பட்டது என்று பெயர்வாரியாக எழுதி வைத்தார். ஜமைக்காவில் தாமஸ் திசில்வுட் என்ற மேற்பார்வையாளர் 1750 முதல் 1786 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் இழைத்த கொடுமைகளையும் கூச்சமின்றிப் பதிவு செய்கிறது. தமிழ்நாட்டு நிலவுடைமைக் குடும்பங்கள் இவ்வகை நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உடையவை அல்ல. அவை பத்திரமும் கணக்கும் எழுதின. தமிழகத்து அடிமைகளின் வரலாற்றுக்கு மூலங்களாகப் பெரும்பாலும் கிடைப்பவை அவையே.

ஓலையின் அமைப்பு

ஆளோலையின் வடிவம் நில விற்பனை ஓலையை ஒட்டியது. முதலில் காலக்குறிப்பு வரும். திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் அது பெரும்பாலும் கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டாக இருக்கும். மாதம், கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றுக்குப் பின் விற்பவர், வாங்குபவர் பெயர்களும் ஊர்களும் வரும். அடுத்து விற்கப்படும் ஆளின் பெயர், சாதி, பல இடங்களில் தாயின் பெயர். பின்னர் இரு தரப்பும் இசைந்த விலை, அது கைமாறியதற்கான ஒப்புதல், சந்திரரும் சூரியரும் உள்ளவரை செல்லும் என்ற உறுதி, இறுதியில் சாட்சிகளும் எழுதியவரும். வழித்தோன்றல்களையும் சேர்த்து எழுதுவது இவ்வகை ஆவணத்தின் இயல்பு. பெண்ணை வாங்கியவர் அவள் வயிற்றில் பிறக்கப் போகும் பிள்ளைகளையும் வாங்கியவரானார்.

தாயின் பெயர் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். அடிமைக்குப் பிறந்த பிள்ளை யாருக்குச் சேரும் என்ற வழக்கில் தாயை வைத்தே பல இடங்களில் தீர்ப்பு அமைந்தது. யாழ்ப்பாணத்து வழக்குகளைத் தொகுத்து ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் உருவாக்கிய தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அங்கே சீதன உறுதிகளில் காணி, நகையோடு அடிமைகளும் பட்டியலிடப்பட்டனர். சொத்தாவணம் என்பதால் ஓர் ஆளை மற்றொருவரோடு குழப்பாதபடி அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தேவையால்தான் பெயரும் தாய்வழியும் எழுத்தில் ஏறின. ஆளின் விருப்பம், கணவன் அல்லது மனைவி இருக்கும் இடம், பிரிந்துபோன உடன்பிறப்பு ஆகியவை விற்பனைக்கு வேண்டாதவை. எனவே அவை எழுதப்படவில்லை.

இத்தகைய ஆவணங்கள் எவ்வாறு காக்கப்பட்டன என்பதற்கு 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் ஒரு தெளிவான காட்சி உள்ளது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வரும் முதியவர், மணமகனின் பாட்டனார் எழுதிய ஆளோலைப்படி அவர் தம் அடிமை என்று வழக்கிடுகிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்ததும், கிழிந்தது படியோலை என்றும் மூல ஓலை தம்மிடம் உண்டு என்றும் சொல்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவை கூடி, பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்கிறது. இது இறைவன் ஆட்கொண்ட கதை. ஆயினும் மூலமும் படியும், சாட்சிக் கையெழுத்து, எழுத்து ஒப்பீடு ஆகியவை கேட்பவர்களுக்குப் பழகிய நடைமுறைகளாக இருந்ததால்தான் சேக்கிழார் அவற்றை விளக்காமலே கதை சொல்ல முடிந்தது.

பஞ்ச காலத்தில் மக்கள் தம்மையே விற்றதற்கும் சான்று உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201ஆம் ஆண்டில், அரிசி விலை ஏறிப் பட்டினி நேர்ந்தபோது ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை அவ்வூர்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. அடிமைநிலை ஒரு சில சாதிகளோடு பிறப்பால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தாலும், பஞ்சமும் கடனும் பிறரையும் அதில் தள்ளின என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பெரிய வீட்டு ஓலைகள்

தென்கோடியில் ஒரே குடும்பத்தின் வழியாக வந்த ஓலைத் தொகுதிகளில் பெயர்பெற்றது அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பகுதியிலுள்ள இவ்வூரில் ‘பெரிய வீட்டு முதலியார்’ என்ற பட்டம் கொண்ட வேளாளர் குடும்பம் வேணாட்டு அரசர்களுக்காக நாஞ்சில் நாட்டில் வரி வசூலையும் நிர்வாகத்தையும் கவனித்தது. அரச ஆணைகள், வரிக் கணக்குகள், நிலப் பத்திரங்கள் எல்லாம் அவ்வீட்டில் தலைமுறைகளாகச் சேர்ந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இவ்வோலைகளின் வரலாற்று மதிப்பை உணர்ந்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை நூலாகப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டு அடிமைகளின் விற்பனையையும் ஒற்றியையும் இவ்வகை ஓலைகளே வெளிக்கொணர்ந்தன. தமிழகம் முழுமைக்குமான பார்வையை ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்ற நூல் தருகிறது. கல்வெட்டு, ஓலை, வாய்மொழி வழக்காறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முறையை அது முன்வைக்கிறது.

நாஞ்சில் நாடு 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் பகுதி. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12.8 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டில் 1,64,864 பேர் அடிமைகள். அரசுக்குச் சொந்தமான அடிமைகளும் அவர்களில் அடங்குவர். மேற்குக் கரையில் ஆளை மாற்றுவதற்கு மூன்று வழிகள் இருந்ததைப் பிரான்சிஸ் புக்கானன் 1800-1801 பயணக் குறிப்புகளில் எழுதினார். ஜன்மம் என்பது முழு விற்பனை, காணம் என்பது ஈடு, பாட்டம் என்பது வாடகை. நிலத்துக்கு வழங்கிய அதே மூன்று சொற்களே ஆளுக்கும் வழங்கின. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் நிலையத்தில் மார்த்தா மால்ட் தொடங்கிய பின்னல் வேலைப் பள்ளியில் கூலி சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். ஆளுக்கு விலை எழுதும் வழக்கம் அந்த ஒரு முறை ஆளின் பக்கம் பயன்பட்டது.

நன்செய்யும் கரிசலும்

அடிமை ஓலைகள் எல்லா நிலப்பகுதிகளிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் வேளாண்மை முறை. தாமிரபரணி, காவிரிப் பாசனப் பகுதிகளில் நிலவுடைமையாளர்களில் பலர் ஏர் பிடிக்காத பிராமணரும் வேளாளரும் ஆவர். நாற்று, நடவு, களை, அறுவடை என ஆண்டு முழுவதும் தொடரும் வேலைக்குக் கட்டுப்பட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். பதிவுகளில் பள்ளர், பறையர் எனக் குறிக்கப்பட்ட மக்களே அவ்வேலையைச் செய்தனர். சென்னை வருவாய் வாரியம் 1819இல் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைகளைப் பற்றி அறிக்கை கேட்டபோது, சில இடங்களில் நிலத்தோடும் சில இடங்களில் நிலமின்றியும் அவர்கள் விற்கப்படுவதாகப் பதில்கள் வந்தன. நன்செய் வட்டங்களில் அவர்கள் மிகுதி, புன்செய் வட்டங்களில் குறைவு என்பதும் தெரிந்தது. மலபாரில் வரிப் பாக்கிக்காக அடிமைகளை அரசே ஏலம் விடும் வழக்கம் அதே 1819இல் நிறுத்தப்பட்டது.

புன்செய் என்ற இந்த இரண்டாம் வகை நிலத்துக்குத் திருவேங்கடம் என்ற ஊர் எடுத்துக்காட்டு. இன்று தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் கோட்டத்தில் ஒரு வட்டத் தலைமையிடமான இவ்வூரைச் சுற்றி மானாவாரிக் கரிசல் காடுகள். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மிளகாய் ஆகியவை இம்மண்ணின் பயிர்கள். கரிசலில் மழையைப் பொறுத்தே வேலை. சில வாரங்கள் ஆட்கள் போதாமல் போகும், பல மாதங்கள் வேலையே இராது. உழுகுடிச் சம்சாரிகள் குடும்பத்தோடு தாங்களே காட்டில் இறங்கினர். ஆண்டு முழுவதும் ஓர் அடிமைக் குடும்பத்துக்குச் சோறு போடுவதைவிட, பண்ணையாளுக்கு முன்பணம் கொடுத்து அவரைப் பிடித்து வைப்பதும், பருத்தி எடுப்புக்கும் களையெடுப்புக்கும் கூலி ஆட்களை அழைப்பதும் அவர்களுக்கு ஏற்ற வழி. ஆகவே இத்தகைய வட்டாரத்தில் ஆள் விற்ற ஓலையைக் காட்டிலும், ஆளுக்குக் கொடுத்த கடனையும் அளந்த தானியத்தையும் குறிக்கும் கணக்கே எதிர்பார்க்கத்தக்க ஆவணம். சங்கரன்கோவிலைச் சூழ்ந்த சிவகிரி, தலைவன்கோட்டை, இளையரசனேந்தல் முதலிய ஜமீன்களில் அரண்மனைக் கணக்கும் பண்ணைக் கணக்கும் எழுதுவதற்கென்றே கணக்குப்பிள்ளைகள் இருந்தனர்.

பண்ணைக் கணக்கைப் படிப்பவர் சில சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். ‘படியாள்’ என்பது தானியத்தைப் படியால் அளந்து கூலி பெறுபவரைக் குறிக்கும். ‘பற்று’ என்ற பத்தியில் வருபவை அவர் பெற்ற கடன்கள்: பிள்ளை பிறப்பு, கல்யாணம், இழவு ஆகியவற்றுக்கு வாங்கியவை. ‘சுதந்திரம்’ என்ற சொல் இக்கணக்குகளில் விடுதலையைக் குறிப்பதில்லை. களத்துமேட்டில் விளைச்சலைப் பிரிக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்கு வழக்கப்படி தரும் பங்குக்கு அதுவே பெயர். பண்டிகை வேட்டி சேலை, களத்துப் பொலி, பற்று என்று ஒரே பெயர் ஆண்டுதோறும் திரும்ப வருவதும், தந்தையின் பற்று மகன் பெயருக்கு மாறுவதும் இவ்வகைக் கணக்குகளில் தேட வேண்டிய தடயங்கள். ஆளோலை போல ‘வழிவழியாக’ என்று இங்கே ஒருவரும் எழுதவில்லை. ஆனால் கடன் வழிவழியாகச் சென்றது.

நாட்குறிப்பில் ஆள் கடத்தல்

பண்ணை அடிமை முறைக்கு அப்பால் கடல் வழி அடிமை வணிகமும் இருந்தது. 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சைச் சீமை சீரழிந்தபோது, ஒல்லாந்தக் கம்பெனி நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை இலங்கை, பத்தேவியா, மலாக்கா ஆகிய இடங்களுக்கு ஏற்றியதாக வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் கணக்கிடுகிறார். கம்பெனிகளின் கணக்கில் இவர்கள் எண்ணிக்கை மட்டுமே.

இவ்வணிகத்தை உள்ளூர்த் தமிழர் ஒருவரின் பார்வையில் காட்டுவது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அதில் 1743ஆம் ஆண்டுக் குறிப்பொன்று ஆள் பிடிக்கும் கும்பலைப் பற்றிப் பேசுகிறது. வேலை தருவதாகவும் வேறு பொய்களைச் சொல்லியும் ஊர் மக்களை அழைத்து வந்து, வீட்டில் அடைத்து, தலை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கிட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பிய செய்தியை அவர் எழுதுகிறார். பிரெஞ்சுத் தீவுகளின் தோட்டங்களே அக்கப்பல்களின் இலக்கு. பிள்ளை அடிமை முறையை எதிர்த்தவர் அல்லர். சுதந்திரமான குடிகளை ஏமாற்றிப் பிடித்த முறைகேடே அவரை உறுத்தியது. அவர் தமக்கெனவே எழுதிய குறிப்பு என்பதால், எந்தப் பத்திரமும் சொல்லாத செயல்முறை அதில் பதிவாகியிருக்கிறது.

1843: ஓலை மறைந்தது, பத்திரம் வந்தது

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்திய அடிமை முறை வரலாற்றில் திருப்புமுனை. அது அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அரசு அதிகாரி எவரும் தீர்ப்பையோ வரிப் பாக்கியையோ நிறைவேற்ற ஆளை விற்கக்கூடாது, ஆள் மீதான உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக்கூடாது, அடிமை என்ற காரணத்தால் ஒருவர் சேர்த்த சொத்தைப் பறிக்கக்கூடாது, சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாவது அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே என்ற நான்கு விதிகளே அதில் இருந்தன. ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான். திருவிதாங்கூரில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1855இல் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வெளியிட்டார். இலங்கையில் அடிமை முறை 1844இல் ஒழிக்கப்பட்டது.

1843க்குப் பின் ஆளோலையை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்று பயனில்லை. செல்லாத பத்திரத்தை எழுதுவார் இல்லை. கடன் பத்திரம் செல்லும் என்பதால், அதே உறவு கடன் பத்திரமாக எழுதப்பட்டது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் அம்மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி எழுதிய குறிப்பில் இதை எடுத்துக்காட்டினார். சிறு தொகையைக் கடனாகப் பெற்று, அதைத் திருப்பித் தரும்வரை பண்ணையில் வேலை செய்வதாக எழுதிக்கொடுக்கும் பத்திரங்களை அவர் சுட்டினார். கூலி உணவுக்கே பற்றாதபோது முதல் ஒருபோதும் தீராது. அவருடைய குறிப்பைத் தொடர்ந்தே 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் அறியப்பட்டது அதுவே.

ஆவணத்தின் பெயர் மாறியதால், தேடுபவருக்குத் தோற்றமயக்கம் நேரும். ஓலைக் கட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடிமைகள் காணாமல் போகிறார்கள். பற்று வரவுப் பேரேட்டில் அதே குடும்பங்கள் கடனாளிகளாக இருக்கின்றன. விற்பனை ஓலை நின்ற ஆண்டை விடுதலை பெற்ற ஆண்டாகக் கொள்ள முடியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரும் கரிசலைத் தொட்டது. 1861 முதல் 1865 வரை, அடிமைகள் விளைவித்த தென்மாநிலப் பருத்தி இங்கிலாந்துக்குப் போகாமல் தடைபட்டபோது, ‘தின்னவேலி’ எனப் பெயர்பெற்ற கரிசல் பருத்திக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் விலை பலமடங்கு ஏறியது. புன்செய் நிலத்துக்கு மதிப்பு வந்தது. மறுபக்கம், திருநெல்வேலிச் சீமையின் உழைப்பாளர் பலர் கங்காணிகளின் முன்பணம் பெற்று இலங்கைத் தோட்டங்களுக்குப் போயினர். அங்கும் அவர்களைப் பிணைத்தது ஒரு சீட்டே. தொழிலாளியின் கடன் தொகை எழுதப்பட்ட ‘துண்டு’ இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டமே அவரை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

ஆவணங்களைக் காத்தலும் படித்தலும்

நிலவுடைமைச் சட்டங்களும் ஜமீன் ஒழிப்பும் வந்த பின் வீட்டு ஓலைகளுக்கு நடைமுறைப் பயன் போயிற்று. புரியாத எழுத்து, பூச்சி அரிப்பு, அடுப்பு, ஆற்று வெள்ளத்தில் விடும் சடங்கு என அவை பல வழிகளில் அழிந்தன. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சிகளில் ஒன்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1650 முதல் 1950 வரையிலான தமிழ் வேளாண் வரலாற்று ஆவணங்களைத் தனியார் வீடுகளிலேயே படமெடுத்த பணி. மூலம் உரியவர் வீட்டில் இருக்க, படி ஆய்வாளருக்குக் கிடைக்கிறது.

இவ்வாவணங்கள் உடைமையாளரின் குரலில் எழுதப்பட்டவை. ஓடிப்போனவர் அதில் நட்டமாகவும், நோயுற்றவர் வராத நாளாகவும் தோன்றுவார். ஆகவே ஓர் ஓலையைத் தனியே படிப்பதைவிட, அதே ஊரின் நிலப்பதிவு, மிஷன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு, வழக்கு மன்றத் தீர்ப்பு, வயலில் பாடிய வாய்மொழிப் பாட்டு ஆகியவற்றோடு பெயர்களை ஒட்டிப் பார்ப்பதே பயன் தரும். ஓலையில் தாய் பெயரோடு வரும் ஒருவர், ஒரு தலைமுறை கழித்து வேறொரு பதிவில் தந்தை பெயரோடும் மனைவி மக்களோடும் வந்தால், அங்கேதான் ஒரு குடும்ப வரலாறு தொடங்குகிறது.

சட்டத்தின் பார்வையில் ஆவணத்தின் இடம் இறுதியாக மாறியது 1976இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, எல்லாக் கொத்தடிமைக் கடன்களையும் ரத்து செய்தது. வாய்மொழியானாலும் எழுத்தானாலும், வழக்கத்தாலோ பிறந்த சாதியாலோ வந்ததானாலும் அத்தகைய கட்டுப்பாடு செல்லாது என்றது. குறிப்பிட்ட கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என அதன் 15ஆம் பிரிவு வகுத்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை வைத்திருந்தவர் வென்றார். இச்சட்டத்தின் முன் ஓலை வைத்திருப்பது மட்டும் போதாது. இன்று மீட்கப்படும் தொழிலாளிக்குக் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்குகிறார். கடன் தீர்ந்தது என்று சொல்லும் அந்தத் தாள் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டு, அவர் கையிலேயே தரப்படுகிறது.